எந்த ஊரில் விலை மலிவு?

கோடை விடுமுறையில் உறவினர் வீட்டில் நான்கு ஊர்க்காரர்கள் கூடியிருக்கிறார்கள். மாலையில் திண்ணைப் பேச்சு தொடங்குகிறது. "எங்கள் ஊரில் தக்காளி பாதி விலை" என்கிறார் ஒருவர். "தக்காளியை விடுங்கள், எங்கள் ஊரில் ஒரு சட்டை தைக்கும் கூலியைக் கேட்டால் மயக்கமே வரும்" என்கிறார் இன்னொருவர். "விலை எப்படியோ போகட்டும், உங்கள் ஊர்க் கடைக்காரர் முகம் கொடுத்துப் பேசுகிறார், எங்கள் ஊரில் வரிசையில் நின்றே கால் வலிக்கிறது" என்கிறார் மூன்றாமவர். சாப்பாட்டுக்கு அழைப்பு வரும்வரை இந்த வழக்கு தீர்வதில்லை.

இதை வெறும் திண்ணைப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. வேறோர் ஊரில் கூடுதல் சம்பளத்தில் வேலை கிடைக்கிறது, போகலாமா, வேண்டாமா? மகளைக் கல்லூரியில் சேர்த்து அங்கேயே தங்க வைக்க மாதம் எவ்வளவு அனுப்ப வேண்டும்? மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. குடும்பத்தை அழைத்துச் செல்வதா, தனியே போவதா? இக்கேள்விகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: எந்த ஊரில் விலை மலிவு? கேட்பதற்கு எளிய இக்கேள்விக்கு விடை காண, அறிஞர்கள் நூற்றைம்பது ஆண்டுகளாக முயன்றுவருகின்றனர். அவர்கள் கண்ட வழியை நாமும் சற்றே நடந்து பார்ப்போம்.

குறியீட்டெண் விடை சொல்லுமா?

விலைவாசிக் குறியீட்டெண் என்ற சொல்லை நீங்கள் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை மத்திய அரசின் தொழிலாளர் அமைப்பான லேபர் பீரோ மாதந்தோறும் தொகுக்கிறது. 2016ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்டு 2020இல் வெளியான தொடரில், நாடு முழுவதும் 88 தொழில் மையங்களில் உள்ள 317 சந்தைகளிலிருந்து விலைகள் திரட்டப்பட்டன. சென்னை, கோவை, மதுரை, சேலம், குன்னூர் ஆகியவை அம்மையங்களுள் சில. மத்திய அரசு ஊழியர்களின் அகவிலைப்படி இதன் அனைத்திந்தியச் சராசரியைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. ஆகவே, இலட்சக்கணக்கான வீடுகளின் வரவு செலவு இந்த எண்ணோடு பிணைந்திருக்கிறது.

ஓர் ஊரின் எண் 150, மற்றோர் ஊரின் எண் 140 என்று இருந்தால், முதல் ஊரில்தான் விலை அதிகம் என்று சொல்லிவிடலாமா? கூடாது. இங்கேதான் பலரும் தவறுகின்றனர்.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். ஒரு பெருநகரில் ஒரு குடும்பத்தின் வாரச் செலவு அடிப்படை ஆண்டில் 1,000 ரூபாய். இன்று 1,400 ரூபாய். அதன் குறியீட்டெண் 140. ஒரு சிறுநகரில் அதே போன்ற செலவு அடிப்படை ஆண்டில் 700 ரூபாய். இன்று 1,050 ரூபாய். அதன் குறியீட்டெண் 150. எண் பெரிதாக இருப்பது சிறுநகருக்கு. ஆனால் மலிவான ஊரும் அதுவே!

ஒவ்வோர் ஊரும் அடிப்படை ஆண்டில் தான் இருந்த நிலையையே 100 என்று வைத்துக்கொள்கிறது என்பதே இதற்குக் காரணம். இரு மாணவர்களில் ஒருவன் கடந்த ஆண்டைவிட ஐந்து அங்குலமும், மற்றவன் மூன்று அங்குலமும் வளர்ந்தார்கள் என்றால், வேகமாக வளர்ந்தவன் யார் என்பது தெரியும். உயரமானவன் யார் என்பது தெரியாது. குறியீட்டெண்ணும் அப்படித்தான். அது ஓர் ஊரின் இன்றைய விலையை அதே ஊரின் பழைய விலையோடு ஒப்பிடுகிறது. ஊரோடு ஊரை ஒப்பிடுவதில்லை.

கூடையை நிரப்பிப் பார்ப்போம்

சரி, ஒரே கூடையை எடுத்துக்கொண்டு இரண்டு ஊரிலும் நிரப்பிப் பார்த்தால் என்ன? நல்ல யோசனைதான். ஆனால் யாருடைய கூடை?

நாகப்பட்டினத்தையும் குன்னூரையும் எடுத்துக்கொள்வோம். ஒன்று கடலோரம், மற்றொன்று மலை உச்சி. இங்கே தரும் விலைகள் கணக்கிற்காக நாம் வைத்துக்கொள்பவை. நாகையில் மீன் கிலோ 200 ரூபாய், கேரட் 80 ரூபாய். குன்னூரில் மீன் 350 ரூபாய், கேரட் 40 ரூபாய்.

நாகைக் குடும்பம் மாதத்தில் 4 கிலோ மீனும் 2 கிலோ கேரட்டும் வாங்குகிறது. அக்கூடைக்கு நாகையில் 960 ரூபாய் ஆகும். அதையே குன்னூரில் நிரப்ப 1,480 ரூபாய் வேண்டும். "அப்பப்பா, குன்னூரில் விலை ஒன்றரை மடங்கு!" என்கிறது நாகைக் குடும்பம்.

குன்னூர்க் குடும்பம் வாங்குவதோ 1 கிலோ மீனும் 5 கிலோ கேரட்டும். அக்கூடைக்குக் குன்னூரில் 550 ரூபாய். நாகையில் 600 ரூபாய். "குன்னூரே மலிவு" என்கிறது குன்னூர்க் குடும்பம்.

இருவர் கணக்கிலும் பிழையில்லை! எந்த ஊரில் எது மலிவோ, அதையே அவ்வூரார் மிகுதியாக வாங்கப் பழகிவிடுகின்றனர். ஆதலால், தம் கூடையைத் தூக்கிக்கொண்டு அயலூருக்குப் போகும் எவருக்கும் அவ்வூர் விலை மிகுதியாகத் தோன்றுவது இயல்பு. திண்ணையில் அவரவர் ஊரே மலிவு என்று எல்லாரும் சாதித்தது பிடிவாதத்தால் மட்டுமன்று. கணக்கும் அவர்கள் பக்கம் இருந்தது.

எட்டியென் லாஸ்பேயர்ஸ், ஹெர்மன் பாஷே என்ற இரு ஜெர்மன் அறிஞர்கள் முறையே 1871, 1874ஆம் ஆண்டுகளில் இந்த இருவகைக் கூடைகளுக்கும் வாய்பாடு வகுத்தனர். இரண்டிற்கும் நடுவே ஒரு சமரசத்தை அமெரிக்க அறிஞர் இர்விங் ஃபிஷர் 1922இல் வெளியிட்ட நூலில் வலியுறுத்தினார். இரண்டு விகிதங்களையும் பெருக்கி, வர்க்கமூலம் காண்பதே அவர் வழி. நம் எடுத்துக்காட்டில் நாகைக் கூடையின்படி விகிதம் 1.54, குன்னூர்க் கூடையின்படி 0.92. பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 1.19 வருகிறது. அதாவது, இவ்விரு பண்டங்களைப் பொறுத்தவரை குன்னூரில் விலை சுமார் 19 விழுக்காடு அதிகம்.

உலக நாடுகளின் விலைகளை இவ்வாறு ஒப்பிடும் பன்னாட்டு ஒப்பீட்டுத் திட்டம் 1968இல் தொடங்கியது. ஐக்கிய நாடுகள் அமைப்பின் புள்ளியியல் பிரிவும் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகமும் அதில் இணைந்து உழைத்தன. 1970ஆம் ஆண்டிற்கு ஒப்பிடப்பட்ட முதல் பத்து நாடுகளுள் இந்தியாவும் ஒன்று.

பயணம் செய்யும் பண்டமும் செய்யாத பண்டமும்

ஊருக்கு ஊர் விலை ஏன் மாறுகிறது? எல்லாப் பண்டங்களின் விலையும் ஒரே அளவில் மாறுவதில்லை என்பதை முதலில் கவனியுங்கள். ஒரு சோப்புக் கட்டியை எடுங்கள். அதன் உறையில் அதிகபட்ச சில்லறை விலை அச்சிடப்பட்டிருக்கிறது. எல்லா வரிகளும் அதற்குள் அடக்கம். அதற்கு மேல் வாங்குவது சட்டப்படி குற்றம். சோப்பு எளிதில் பயணம் செய்யும், கெடாது, சிறிய இடத்தில் நிறைய அடங்கும். எனவே சென்னையிலும் செங்கோட்டையிலும் அதன் விலையில் பெரிய வேறுபாடு இராது. முன்பு மாநிலத்திற்கு மாநிலம் விற்பனை வரி மாறியது. 2017 ஜூலை முதல் நாளில் ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தபின், அதன் வரம்பிற்குள் வரும் பண்டங்களில் அந்த வேறுபாடும் மறைந்தது.

பெட்ரோல் இந்த வரம்பிற்கு வெளியே உள்ளது. ஆகவே மாநில வரியின் வேறுபாடு அதன் விலையில் அப்படியே தெரிகிறது. புதுச்சேரி எல்லையைத் தாண்டியவுடன் நம்மவர்கள் வண்டியைப் பெட்ரோல் நிலையத்துக்குத் திருப்புவது இதனால்தான். ஒரே மாநிலத்திற்குள்ளும் கிடங்கிலிருந்து உள்ள தூரத்திற்கேற்ப விலை சில காசுகள் கூடிக் குறையும்.

இனி, பயணமே செய்யாத ஒரு பண்டத்தைப் பாருங்கள்: முடிவெட்டு. எங்கோ மலிவாக வெட்டிய முடிவெட்டைப் பொட்டலம் கட்டி உங்கள் ஊருக்கு அனுப்ப முடியாது. இன்னொன்றும் உண்டு. நூறு ஆண்டுகளில் நெசவாலையில் ஒரு தொழிலாளி நெய்யும் துணியின் அளவு பலமடங்காகிவிட்டது. ஒரு தலையை வெட்ட ஆகும் நேரமோ ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. ஆனால் ஆலைத் தொழிலாளியின் கூலி உயரும்போது முடிதிருத்துபவரின் கூலியும் உயர்ந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அவர் கத்தரியை வைத்துவிட்டு ஆலைக்குப் போய்விடுவார். வில்லியம் பாமல், வில்லியம் போவன் என்ற இரு பொருளியலாளர்கள் 1966இல் நாடக, இசைக் கலைஞர்களின் ஊதியத்தை ஆராய்ந்தபோது இவ்வுண்மையை விளக்கினர். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், 1964இல், பேலா பலாசாவும் பால் சாமுவேல்சனும் இதே காரணத்தால் செல்வ நாடுகளில் சேவைகளின் விலை ஏறியிருக்கிறது என்று தனித்தனியே காட்டியிருந்தனர். நாடுகளுக்குப் பொருந்தும் இது நகரங்களுக்கும் பொருந்தும். தொழில் மிகுந்த நகரில் தையற்கூலி, சலவைக்கூலி, குழாய் பழுதுபார்க்கும் கூலி எல்லாம் ஏறியிருப்பதன் மர்மம் இதுவே.

வாடகை விலையை ஏற்றுமா?

"பெருநகரில் கடை வாடகை அதிகம், அதனால் விலையும் அதிகம்" என்பார்கள். இது பாதி உண்மை.

பெருநகர மளிகைக் கடை ஒன்று மாதம் 90,000 ரூபாய் வாடகை தருகிறது. மாத விற்பனை 30 இலட்சம். சிறுநகரக் கடையின் வாடகை 15,000 ரூபாய்தான். விற்பனை 3 இலட்சம். நூறு ரூபாய் விற்பனையில் வாடகைக்குப் போவது எவ்வளவு? பெருநகரில் 3 ரூபாய். சிறுநகரில் 5 ரூபாய்! வாடகை ஆறு மடங்கானாலும் விற்பனை பத்து மடங்கானதால் சுமை குறைந்துவிட்டது. பண்டம் விரைவாக விற்றுத் தீர்வதால் பெருநகரக் கடைக்காரர் அதே முதலைப் பலமுறை சுழற்றவும் முடிகிறது. அச்சிட்ட விலையிலிருந்து அவர் தள்ளுபடி தருவது இதனால்தான்.

முடிதிருத்தும் நிலையத்தின் கதை வேறு. இரண்டு நாற்காலிகளில் நாளுக்கு 25 பேருக்கு வெட்டலாம். மாதத்திற்கு 750 பேர். ஊர் பெரிதானாலும் இந்த எண் மிகுவதில்லை. பெருநகரில் வாடகை 30,000 ரூபாய் என்றால் தலைக்கு 40 ரூபாய் வாடகைக்கே போகிறது. சிறுநகரில் 6,000 ரூபாய் என்றால் 8 ரூபாய்தான். ஆகவே, விரைவாகக் கைமாறும் பண்டத்தில் வாடகை கரைந்துவிடுகிறது. நேரம் பிடிக்கும் சேவையில் அது அப்படியே தங்கிவிடுகிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கடைத்தெருவில் ஓர் இடத்திற்கு ஏன் அத்தனை வாடகை? அங்கே நின்றால் அத்தனை விற்கும் என்பதால். தானிய விலை உயர்வதால் நிலவாடகை உயர்கிறதே தவிர, நிலவாடகையால் தானிய விலை உயர்வதில்லை என்று டேவிட் ரிக்கார்டோ 1817லேயே வாதிட்டார். கடைவாடகைக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

கரையாமல் நிற்கும் பெருஞ்செலவு ஒன்றுண்டு; அது குடியிருக்கும் வீட்டின் வாடகை. அரசும் இதை உணர்ந்திருக்கிறது. மத்திய அரசு ஊழியர்களுக்கு அகவிலைப்படி எல்லா ஊரிலும் ஒரே விகிதம். வீட்டு வாடகைப்படிதான் ஊருக்கு ஊர் மாறுகிறது. 2017இல் அது அடிப்படை ஊதியத்தில் 24, 16, 8 விழுக்காடு என நகரின் அளவுக்கேற்ப மூன்று படிகளாக அமைக்கப்பட்டது. சென்னை முதற்படியில், கோவை, மதுரை போன்றவை இரண்டாம் படியில், சிறிய ஊர்கள் மூன்றாம் படியில்.

விலைக்குள் ஒளிந்திருக்கும் சேவை

இதுவரை பண்டத்தை மட்டும் எடைபோட்டோம். ஆனால் கடையில் நீங்கள் வாங்குவது பண்டத்தை மட்டுமா?

தெருமுனை அண்ணாச்சி கடையை நினைத்துப் பாருங்கள். இரவு பத்து மணிக்கும் கதவு திறந்திருக்கிறது. ஐந்து ரூபாய்க்குக் கடுகு கேட்டாலும் மடித்துத் தருகிறார். பையனை அனுப்பினாலும் ஏமாற்றாமல் கொடுக்கிறார். மாதக் கடைசியில் நோட்டில் எழுதிக்கொள்கிறார். இவை ஒவ்வொன்றும் ஒரு சேவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு செலவு உண்டு.

கடனை மட்டும் கணக்கிடுவோம். மாதம் முழுதும் சிறுகச் சிறுக 1,000 ரூபாய்க்கு வாங்கி, சம்பளத்தன்று தீர்க்கிறீர்கள். சராசரியாக அரை மாதம் அவர் பணம் உங்களிடம் இருக்கிறது. வெளியில் அதற்கு இரண்டு வட்டி என்றால், அதாவது நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் என்றால், அரை மாதத்திற்கு 10 ரூபாய். ஆகவே, அவர் விலை பெரிய அங்காடியைவிட நூற்றுக்கு ஒரு ரூபாய் கூடுதலாக இருந்தால், அது கொள்ளை இலாபமன்று; கடன் தந்ததற்கான வட்டி. உங்களிடம் ரொக்கம் இருந்தால் அந்தச் சேவை உங்களுக்குத் தேவையில்லை, வேறிடத்தில் வாங்கலாம். ரொக்கம் இல்லாதவருக்கோ அதுதான் உயிர். தினக்கூலி பெறுபவர் எண்ணெயை நாளுக்கு நாள் சிறு பாக்கெட்டாக வாங்கி, லிட்டருக்குக் கணக்கிட்டால் செல்வரைவிட அதிக விலை தருகிறார். ஒரே ஊரிலேயே ஏழைக்கு ஒரு விலை, வசதியுள்ளவருக்கு ஒரு விலை இருப்பதை, ஊர்ச் சராசரி மறைத்துவிடுகிறது என்பதை மறவாதீர்கள்.

வரிசையின் கணக்கு

சேவையில் எளிதாக அளக்கக்கூடியது காத்திருக்கும் நேரம். டென்மார்க்கின் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய ஏ. கே. எர்லாங் என்ற கணித அறிஞர் 1909இல் இதற்கு அடித்தளமிட்டார். தொலைபேசி அழைப்புகளுக்காக அவர் தொடங்கிய கணக்கு கடைக் கல்லாவிற்கும் பொருந்தும்.

ஒருவருக்குப் பில் போட்டுப் பணம் வாங்கச் சராசரியாக 3 நிமிடம் ஆகிறது. வாடிக்கையாளர்கள் ஒழுங்கின்றி, நினைத்த நேரத்தில் வருகின்றனர். சிலருக்கு நேரம் கூடுகிறது, சிலருக்குக் குறைகிறது. கல்லாக்காரர் தம் நேரத்தில் பாதி மட்டும் வேலையாக இருந்தால், நீங்கள் சராசரியாகக் காத்திருப்பது 3 நிமிடம். அவர் 80 விழுக்காடு நேரம் வேலையாக இருந்தால் 12 நிமிடம். 90 விழுக்காடு என்றால் 27 நிமிடம். 95 விழுக்காடு என்றால் 57 நிமிடம்! வேலைப்பளு கொஞ்சம் ஏறும்போது வரிசை பாம்பாக நீள்கிறது. ஆள் சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று முதலாளி எண்ணும் அந்த ஓய்வு நேரம்தான் உங்களுக்குக் கிடைக்கும் நல்ல சேவை.

சிறுநகரக் கடைக்காரர் உங்களை நலம் விசாரிக்க நேரம் பெற்றிருப்பதும், பெருநகரக் கல்லாக்காரர் தலை நிமிராமல் இருப்பதும் குணத்தால் மட்டும் வந்தவையல்ல; இக்கணக்கும் அதற்குள் இருக்கிறது. பெருநகரில் ஓர் ஆளின் கூலி அதிகம். எனவே அவரைச் சும்மா இருக்க விடுவதில்லை.

ஆனால் பெரிய கடைக்கு ஒரு வழி உண்டு. இரண்டு கல்லாக்களுக்கும் தனித்தனி வரிசை இல்லாமல், ஒரே வரிசை அமைத்து, எந்தக் கல்லா காலியாகிறதோ அதற்கு அடுத்தவரை அனுப்ப வேண்டும். இருவரும் 80 விழுக்காடு நேரம் உழைத்தாலும், காத்திருப்பு 12 நிமிடத்திலிருந்து ஐந்தரை நிமிடத்திற்கும் கீழே இறங்கிவிடும். காசு செலவில்லை, ஒரு கயிறு கட்டினால் போதும்!

காத்திருக்கும் நேரமும் விலையின் ஒரு பகுதியே என்று 1965இல் கேரி பெக்கர் விளக்கினார். பத்து ரூபாய் மிச்சம் பிடிக்க அரைமணி நேரம் நின்றால், உங்கள் அரைமணியின் விலை பத்து ரூபாய் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

வேறு ஊரில் உள்ள நண்பர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். அரிசி, பருப்பு, காய், பால், தையற்கூலி, முடிவெட்டு, வீட்டு வாடகை எனப் பன்னிரண்டு இனங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒரே தரம், ஒரே அளவு என்பதில் உறுதியாக இருங்கள். பொன்னி அரிசியைப் பொன்னியோடுதான் ஒப்பிட வேண்டும். விலைக்கு எதிரே, எந்த வகைக் கடை, ரொக்கமா கடனா, எத்தனை நிமிடம் காத்திருந்தீர்கள், கெட்ட பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்பதையும் எழுதுங்கள். பிறகு உங்கள் கூடையை இரண்டு ஊர் விலையிலும், அவர் கூடையை இரண்டு ஊர் விலையிலும் கணக்கிட்டு, ஃபிஷர் வழியில் விகிதம் காணுங்கள். பயணம் செய்யும் பண்டங்களுக்கு ஒன்று, செய்யாதவற்றுக்கு ஒன்று என இருமுறை செய்தால் இன்னும் தெளிவாகும். முதல் விகிதம் ஒன்றை ஒட்டியும், இரண்டாவது ஒன்றிலிருந்து வெகுவாக விலகியும் இருப்பதைக் காண்பீர்கள்.

அடுத்த முறை திண்ணையில் இந்த வழக்கு எழுந்தால், "எந்த ஊர் மலிவு?" என்று யாராவது கேட்பார்கள். "யாருக்கு? எந்தக் கூடைக்கு? எந்தச் சேவையோடு?" என்று நீங்கள் திருப்பிக் கேளுங்கள். அந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்தபின் மாற்றல் உத்தரவை எடுத்துப் படியுங்கள். சம்பளம் எவ்வளவு கூடுகிறது என்பதோடு, அந்தக் கூடுதல் உங்கள் கூடையை நிரப்புமா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.